பட்டறையில் அடித்த வேட்டைக் கத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் கத்தி சொல்லி அடிக்க வருகிறவர்களும், புதிதாக அடிக்கப் பழகுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறோம். "எந்த இரும்பு?" என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் கத்தி நல்லதா கெட்டதா என்பதைத் தோய்ச்சலும் (பழுக்கச் சூடாக்கிய அலகை எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கிக் கடினமாக்குவது) வாயின் (வெட்டும் ஓரத்தின்) கனமும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அந்தப் பதில்கள் நீளமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

"வேட்டைக் கத்தின்னு சொல்றாங்களே, கசாப்புக் கத்திக்கும் அதுக்கும் என்னங்க வித்தியாசம்?"

தோல் உரிக்க, மூட்டு பிரிக்க, கறியைத் துண்டு போட என்று மூன்று வேலையையும் கையடக்கமாக ஒரே கத்தியில் செய்வதற்கான வடிவம் இது. அலகு 4 முதல் 5 அங்குலம், பிடி 4.5 அங்குலம். முதுகு 3 முதல் 4 மி.மீ. கனம். வாய் முனையை நெருங்கும்போது வயிறு தள்ளி வளைந்திருக்கும்; தோலை இழுத்து உரிக்கும்போது வேலை செய்வது அந்த வளைவுதான். முனை முதுகைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தால் வயிற்றைக் கீறும்போது குடலைக் குத்தாது. கசாப்புக் கடைக் கத்தி இதைவிட நீளம், அகலம், மெல்லிசு. எலும்பு வெட்டும் கத்தி தனி ரகம்.

பெயரில் வேட்டை இருந்தாலும் காட்டு விலங்கை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே இந்தக் கத்தி பார்க்கிற வேலை ஆட்டுக் கிடாயிலும் கோழியிலும் தோட்டத்திலும்தான். கோயில் பொங்கலுக்குக் கிடா வெட்டும் ஊர்களில் உரிப்பதற்கென்று இந்த வடிவத்தைத் தனியாகச் சொல்லி அடிக்கிறார்கள்.

"லாரிப் பட்டையில அடிச்சாத்தான் நல்லதுன்னு சொல்றாங்க. பேரிங்ல அடிச்சா இன்னும் ஒசத்தியாமே?"

லாரியின் ஸ்பிரிங் பட்டை பெரும்பாலும் ஈஎன் 45 அல்லது எஸ்யூபி 9 வகை உருக்கு. இரண்டிலும் கரி (கார்பன்) ஏறக்குறைய 0.5 முதல் 0.6 சதவீதம். ஈஎன் 45-இல் சிலிக்கான் 1.5 முதல் 2 சதவீதம், எஸ்யூபி 9-இல் கொஞ்சம் குரோமியம். அடி தாங்கும், எளிதில் உடையாது, தோய்ச்சலில் சின்னப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். தேசிய நெடுஞ்சாலை 44 நடுவே ஓடுகிற மாவட்டங்கள் என்பதால் பழைய பட்டைக்கு இங்கே பஞ்சமில்லை.

பேரிங் வளையம் ஈஎன் 31; கரி ஏறக்குறைய 1 சதவீதம், குரோமியம் 1 முதல் 1.6 சதவீதம். கூர் நிற்பதில் பட்டையை மிஞ்சும் என்பது உண்மை. ஆனால் தோய்ச்சலுக்கு முன் 830 டிகிரி அளவில் சில நிமிடம் ஆடாமல் அசையாமல் சூட்டை நிறுத்த வேண்டும். கரி உலையில் கண் மதிப்பில் அதைச் செய்வது கடினம். சூடு கூடினால் அலகு நொறுங்கும், குறைந்தால் பேரிங்கில் அடித்ததே வீண். சூடு அளக்கும் கருவியோடு மின் உலை வைத்திருப்பவரிடம் பேரிங் கத்தி கேளுங்கள். சாதாரணப் பட்டறையில் பட்டைக் கத்தி கேளுங்கள். சுமாராகத் தோய்த்த பேரிங்கைவிட ஒழுங்காகத் தோய்த்த பட்டை எப்போதும் மேல்.

"கட்டடக் கம்பி, பழைய அரம் வீட்ல கிடக்குது. அதுல அடிச்சுத் தருவீங்களா?"

கட்டடக் கம்பி வேண்டாம். அதில் கரி 0.3 சதவீதத்துக்கும் கீழே. எத்தனை முறை தோய்த்தாலும் கத்திக்குத் தேவையான கடினம் ஏறாது. பார்க்கக் கத்தி போலவே இருக்கும், ஒரு கோழி அறுப்பதற்குள் மழுங்கும்.

பழைய அரம் நல்ல உருக்கு. கரி 1 சதவீதத்துக்கும் மேல். ஆனால் அரத்தின் பல் வரிகளை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். வரியின் பள்ளம் எதுவும் மிச்சம் இருந்தால் தோய்ச்சலில் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். விலை குறைந்த அரங்களில் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டு உள்ளே மெதுவான இரும்பாக இருப்பதும் உண்டு. ஒரு நுனியை உடைத்து, சூடாக்கி எண்ணெயில் தோய்த்து, இன்னொரு அரத்தால் உரசிப் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம். துத்தநாகம் பூசிய பைப், தகடு எதையும் உலையில் வைக்கவே கூடாது. அந்தப் புகை காய்ச்சலும் மூச்சுத் திணறலும் தரும்.

"பழைய பட்டைன்னா ஏற்கெனவே களைச்ச இரும்புதானே? கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தா?"

நியாயமான பயம். பட்டை லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தது. நடுப் போல்ட் ஓட்டையைச் சுற்றியும் உடைந்த இடத்தை ஒட்டியும் மயிரிழை விரிசல் இருக்கும். அந்தப் பகுதிகளை ஒதுக்கிவிட்டு நீளவாக்கில் நல்ல இடத்தை எடுக்க வேண்டும். துருவைத் தேய்த்து, மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடியைத் தூவினால் விரிசலுக்குள் போன எண்ணெய் கோடாகக் கசிந்து காட்டும். முடிந்தால் ஓடாத புதுப் பட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் கிடைக்கிறது.

"சுத்தியால அடிச்ச கத்திதான் ஒசத்தி, கிரைண்டர்ல வெட்டி எடுத்தது மட்டம்னு சொல்றது நெஜமா?"

முழுக்க நிஜமில்லை. பட்டை ஆலையிலேயே உருட்டி இறுக்கப்பட்டுத்தான் வருகிறது. சுத்தி அடித்து அதை மேலும் இறுக்கிவிடலாம் என்ற பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. அடிப்பதில் கிடைக்கும் லாபம் வேறு: 10 மி.மீ. கனப் பட்டையை வீணாக்காமல் 4 மி.மீ.க்கு இழுக்கலாம், முதுகிலிருந்து முனைக்குக் கனம் படிப்படியாகக் குறையும், பிடிக்குள் போகும் வால் பகுதியைத் தேவையான வடிவத்துக்கு நீட்டலாம்.

அடிப்பதில் கெடுவது இரண்டு இடத்தில். நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஆரம்பித்து, மங்கின சிவப்பு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். கறுத்த பிறகும் அடித்தால் உள்ளே விரிசல் விழும். மறுபக்கம், உலையில் மறந்துபோய் இரும்பிலிருந்து பொறி பறக்க ஆரம்பித்துவிட்டால் அந்த இடம் எரிந்துபோய்விட்டது என்று பொருள். வெட்டி எறிவதைத் தவிர வேறு வழி இல்லை. கிரைண்டரில் எடுத்த கத்திக்கு இந்த இரண்டு ஆபத்தும் இல்லை. ஆகவே இரண்டு முறையிலும் நல்ல கத்தி வரும். அதற்குப் பிறகு வரும் தோய்ச்சல் இரண்டுக்கும் பொது.

"தோய்ச்சல் போடறதுக்கு முன்னாடி மூணு தடவை சூடு பண்ணி ஆற வைக்கிறாங்களே, அது எதுக்கு?"

அடிக்கும்போது ஏறிய அதிகச் சூட்டில் உருக்கின் உள்மணிகள் பெரிதாகிவிடும், ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு இறுக்கமும் தங்கும். காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேல் வரை சூடாக்கி, காற்றில் கறுக்கும் வரை ஆறவிடுவதை மூன்று முறை செய்தால் மணி பொடியாகி, இறுக்கம் இறங்கும். இதைச் செய்யாமல் தோய்த்த அலகுதான் அதிகமாக வளைகிறது.

மீதி வந்த துண்டு ஒன்றையும் அலகோடு சேர்த்துச் சூடாக்கித் தோய்த்து, துணியில் சுற்றி உடைத்துப் பாருங்கள். முறிவு சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் சரி. சர்க்கரை போல மணிமணியாக மின்னினால் சூடு கூடிப்போயிருக்கிறது. அலகையும் மறுபடி மூன்று முறை ஆற வைக்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான், ஒரு கத்தியைக் காப்பாற்றும். துளை போட, அரம் வைக்க இரும்பு மெதுவாக வேண்டுமென்றால் கடைசிச் சூட்டோடு அலகைச் சாம்பலுக்குள் புதைத்து இராத்திரி முழுக்க விட்டுவிடலாம்.

"தோய்ச்சல் தண்ணியிலயா எண்ணெயிலயா? எங்க தாத்தா காலத்துல தண்ணிதானே?"

ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய். பட்டையில் இருக்கிற மாங்கனீசும் குரோமியமும் அதை எண்ணெயின் மெதுவான குளிர்ச்சியிலேயே கடினமாக்கிவிடும். முழு அலகையும் தண்ணீரில் போட்டால் மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளே இன்னும் சூடாக இருப்பது அதை இழுத்து, வாயில் குறுக்கு விரிசல் விழும். பழைய கொல்லர்கள் தண்ணீரில் தோய்த்தபோது முழு அலகையும் போடவில்லை. வாய்ப் பக்கம் ஒரு விரல் அகலத்தை மட்டும் தண்ணீரில் காட்டி, வெளியே எடுத்து, கல்லில் உரசிப் பளபளப்பாக்கி, முதுகில் மிச்சமிருந்த சூடு வாய்க்கு இறங்கி நிறம் வருவதைப் பார்த்து மறுபடி நனைத்தார்கள். முதுகு மெதுவாகவும் வாய் கடினமாகவும் நிற்கும் அருமையான முறை அது. கைப் பழக்கம் முழுசாக வேண்டும். பழகாத கையில் பத்தில் பல அலகு வெடிக்கும்.

எண்ணெய் முறை இப்படி. தோய்ச்சலுக்கு முன் வாய் கூராக இருக்கக் கூடாது, 1 மி.மீ. கனம் இருக்கட்டும். ஆழமான கீறல் எல்லாவற்றையும் நீளவாக்கில் உப்புத்தாள் போட்டு எடுத்துவிடுங்கள். மூடியுள்ள இரும்புப் பாத்திரத்தில் 4 முதல் 5 லிட்டர் பாமாயில் போதும். அலகு முழுக்க மூழ்க வேண்டும். எண்ணெயை 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அலகைச் சுற்றி ஓடாது, குளிர்ச்சியும் மெதுவாகிவிடும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் ஆவியாகிப் பொங்கித் தெறிக்கும். பிளாஸ்டிக் பாத்திரம் கிட்டவே வரக் கூடாது. தீப்பிடித்தால் மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அலகைச் சீராகச் சூடாக்கி அடிக்கடி காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 770 டிகிரியில் காந்தம் பிடிப்பதை விட்டுவிடும். அதற்கு மேலும் கொஞ்சம் நிறம் ஏறவிட வேண்டும்; 830 முதல் 870 டிகிரி. வெயிலில் நிறம் தெரியாது, நிழலில் செய்ய வேண்டும். முனை மெல்லிசானதால் முதலில் அதுதான் மிஞ்சும், அதை உலையின் ஓரத்தில் வையுங்கள். எடுத்தவுடன் முனை கீழாக நேராக இறக்கி, வாயும் முதுகும் இருக்கும் திசையில் மட்டும் முன்னும் பின்னும் அசையுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் சீக்கிரம் குளிர்ந்து அலகு வளையும். வெளியே எடுத்ததும் அரம் போட்டால் கண்ணாடியில் போல வழுக்க வேண்டும். மேலே ஒரு மெல்லிய தோல் கரி இழந்து மெதுவாக இருக்கும். இரண்டு மூன்று இழுப்புக்குப் பிறகும் அரம் கடித்தால்தான் தோய்ச்சல் ஏறவில்லை என்று பொருள்.

"எண்ணெயில போடும்போது 'டிக்'குனு சத்தம் வந்துச்சு. விட்டுடலாமா?"

விட முடியாது. அது பெரும்பாலும் விரிசல் விழுந்த சத்தம். அலகைத் துடைத்து, முன்பு சொன்ன மண்ணெண்ணெய், சுண்ணாம்புச் சோதனையைச் செய்யுங்கள். கோடு தெரிந்தால் அந்த அலகு கத்தியாகாது. வெல்டிங் வைத்து மறைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். கறி அறுக்கும்போது அது கையில் உடைந்தால் காயம் ஆழமாக இருக்கும். கத்தி வாங்குகிறவருக்குச் செய்யக்கூடாத வேலை.

"தோய்ச்சல் போட்டு அலகு வளைஞ்சு போச்சுங்க. சுத்தி வச்சுத் தட்டலாமா?"

ஆறிய பிறகு தட்டினால் கண்ணாடி உடைவதைப் போல் முறியும். எண்ணெயிலிருந்து எடுத்த முதல் நிமிடம், கை தாங்காத சூடு இருக்கும்போது, தடித்த தோல் கையுறையோடு மெல்ல நிமிர்த்தலாம். அந்த நேரம் தவறிப்போனால் அடுத்த கேள்வியில் வரும் பதம் இறக்கும் சூட்டில், நேரான இரும்புப் பட்டையோடு கிளாம்ப் போட்டு, வளைந்த இடத்தில் ஒரு சின்னத் தகடு கொடுத்து எதிர்ப்பக்கம் லேசாக மிகை வளைவு வைத்துப் போட வேண்டும். ஒரே தடவையில் நிமிராது. இரண்டு, மூன்று சூட்டில் வரும்.

"தோய்ச்சல் போட்டாச்சு, அப்புறம் பதம் இறக்கறதுன்னு தனியா எதுக்குங்க?"

தோய்ச்சலிலிருந்து வந்த அலகு கடினமாக இருக்கும், கூடவே நொறுங்கும் தன்மையோடும் இருக்கும். கீழே விழுந்தால் முனை உடையும். இளஞ்சூட்டில் மறுபடி வைத்துக் கொஞ்சம் கடினத்தைக் கொடுத்துவிட்டு உறுதியை வாங்குவதுதான் பதம் இறக்குவது. தோய்த்த அலகை அன்றைக்கே, கையால் தொடுகிற சூட்டுக்கு ஆறியதும் இதைச் செய்துவிட வேண்டும். மறுநாள் வரை விட்டால் தானாக வெடிப்பதும் உண்டு.

கேக் சுடும் மின் அடுப்பு இருந்தால் 200 டிகிரியில் 2 மணி நேரம், ஆறவிட்டு மறுபடி 2 மணி நேரம். பட்டைக் கத்திக்கு இதில், கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 56 முதல் 58 வரை கிடைக்கும். அடுப்பின் முகப்பு எண்ணை நம்ப வேண்டாம், தனி வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள். உலையிலேயே செய்கிறவர்கள் அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி நிறம் பார்க்கிறார்கள்: இளம் வைக்கோல் நிறம் 210 டிகிரி அளவு, பழுப்பு 250, ஊதா 275, நீலம் 300. உரிக்கும் கத்திக்கு வைக்கோல் நிறத்தோடு நிறுத்துங்கள். கொடுவாள் என்றால் ஊதா வரை போகலாம். முதுகில் மட்டும் பழுக்கக் காய்ச்சிய இரும்பைத் தொட வைத்து நீலம் வரவழைத்தால் முதுகு அடி தாங்கும், வாய் கடினமாகவே நிற்கும்.

"வாயோட கோணம் எவ்வளவு வைக்கணும்? எதை வச்சு அளக்கறது?"

உரிக்கவும் கறி அறுக்கவும் பக்கத்துக்கு 18 முதல் 20 டிகிரி. கொத்தும் வேலைக்கு 25 முதல் 30. கோணமானி தேவையில்லை. அலகின் அகலம் 30 மி.மீ. என்றால் சாணைக் கல்லின் மேல் படுக்க வைத்து முதுகை 10 மி.மீ. தூக்கினால் 20 டிகிரி, ஏறக்குறைய 13 மி.மீ. தூக்கினால் 25. அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டால் கைக்குப் பழகிவிடும்.

கோணத்தைவிட முக்கியமானது கூர் தீட்டும் முன் வாய்க்குப் பின்னால் இருக்கும் கனம். 0.4 முதல் 0.5 மி.மீ.க்குள் இருந்தால் கத்தி கறிக்குள் வழுக்கிக்கொண்டு போகும். 1 மி.மீ. இருந்தால் எப்படித் தீட்டினாலும் ஆப்பு அடிப்பது போல் பிளக்குமே தவிர அறுக்காது. "புதுக் கத்தி, கூராத்தான் இருக்குது, ஆனா வெட்டவே மாட்டேங்குது" என்று வருகிற கத்திகளில் பாதிக்கும் மேல் இந்தக் கனத்தில்தான் பிரச்சினை. தீட்ட, இரு பக்கக் கார்போரண்டம் கல் போதும். சொரசொரப்பான பக்கத்தில் மறுபுறம் பிசிர் எழும் வரை, பிறகு மென்மையான பக்கம், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிரை எடுக்க வேண்டும். பிசிரை எடுக்காத வாய் முதலில் கூராகத் தோன்றி உடனே மடங்கிவிடும்.

"சாணைக்காரர்கிட்ட கொடுத்து வாங்கினதுலேருந்து சீக்கிரமா மழுங்குது. ஏங்க?"

மின் சாணையில் தண்ணீர் காட்டாமல் அழுத்தியிருப்பார்கள். மெல்லிய வாய் நொடியில் 300 டிகிரியைத் தாண்டும். வாயோரம் நீலம் தெரிந்தால் அங்கே பதம் போய்விட்டது; மேலே சொன்ன நிறக் கணக்கு இங்கேயும் பொருந்தும். நீலம் படிந்த இடத்தைக் கைக்கல்லில் மெதுவாகத் தேய்த்து நல்ல இரும்பு வரும் வரை எடுங்கள். சாணைக்குக் கொடுக்கும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். விரலால் தொட முடியாத சூடு என்றால் அதிகம்.

"பிடிக்கு எந்த மரம் நல்லது? புளி போடலாமா?"

வைரம் பாய்ந்த புளிய மரம் அருமை. கறிக்கடைக் கட்டைக்கு அதைப் போடுவதற்கு இருக்கிற காரணமே பிடிக்கும் பொருந்தும்: அடர்த்தி, சிதறாத தன்மை. இந்த இரண்டு மாவட்டத்திலும் எளிதாகக் கிடைக்கும். கருவேலம், வாகை, வேம்பின் வைரமும் நல்லது. வெளிப்புற வெள்ளை மரம் வேண்டாம். எந்த மரமானாலும் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்; ஈர மரம் ஆறு மாதத்தில் சுருங்கி, இரும்பின் ஓரம் கையைக் கிழிக்கும்.

இரும்பு பிடி முழுக்க ஓடி இருபுறமும் மரம் பதித்து, 5 அல்லது 6 மி.மீ. பித்தளை ஆணி மூன்று அடித்த கட்டு உறுதியானது. உள்ளே எபாக்சிப் பசை வைத்து 24 மணி நேரம் இறுக்கி விட வேண்டும், அப்போதுதான் ரத்தமும் தண்ணீரும் உள்ளே இறங்காது. வாலை மரத்துக்குள் செருகி அரக்கு ஊற்றிப் பூண் போட்ட பழைய கட்டு எடை குறைவு, கைக்கு இதம். ஆனால் அரக்கு கொதிநீரில் இளகும். அந்தக் கத்தியைச் சுடுதண்ணீரில் ஊற வைக்காதீர்கள்.

"மான் கொம்புல பிடி போட்டுத் தருவீங்களா? உதிர்ந்த கொம்புதாங்க."

முடியாது. புள்ளிமான், கடமான் கொம்பை வைத்திருப்பதும் விற்பதும் பொருளாகச் செய்வதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காட்டில் தானாக உதிர்ந்தது என்ற காரணம் செல்லாது. கொம்புப் பிடிதான் வேண்டுமென்றால் வீட்டு எருமைக் கொம்பு போடலாம், மெருகேற்றினால் மிக அழகாக வரும்.

"வாங்கும்போது நல்ல கத்தின்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பேப்பர் வெட்டிக் காட்டறாங்க."

பேப்பர் வெட்டுவது தீட்டியதைக் காட்டும், இரும்பைக் காட்டாது. தகரத்தைத் தீட்டினாலும் பேப்பர் வெட்டும். 6 மி.மீ. பித்தளைக் கம்பி ஒன்றைக் கொண்டு போங்கள். வாயை அதன் மேல் தீட்டும் கோணத்தில் வைத்து, வாய் லேசாக வளைவது தெரியும் அளவுக்கு அழுத்தி இழுங்கள். கையை எடுத்ததும் வாய் நேராக வந்துவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மெது. பொரிந்து சில்லு பெயர்ந்தால் பதம் இறங்கவில்லை. விற்பவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்; தன் தோய்ச்சலை நம்புகிற கொல்லர் மறுக்க மாட்டார்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை போன்ற இடத்தில் வாங்கினால் அவ்வளவு நேரம் கிடைக்காது. முதுகுப் பக்கத்திலிருந்து கண்ணை ஓட்டி அலகு நேராக இருக்கிறதா, பிடியின் ஆணிகளில் இடைவெளி இருக்கிறதா, வாயோரம் நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மரக்கட்டை மேல் சணல் கயிற்றை 30 தடவை வெட்டிவிட்டு அப்புறம் பேப்பரை வெட்டுங்கள். அப்போதும் சுத்தமாக வெட்டினால் அது கத்தி.

"துருப் பிடிச்சுக்கிட்டே இருக்குது. எவர்சில்வர்லயே வாங்கிடலாமா?"

தினமும் துடைக்க முடியாதவர்களுக்கு எவர்சில்வர் கத்தி சரிதான். ஆனால் சாதாரணப் பாத்திர எவர்சில்வர் தோய்ச்சல் ஏறாத ரகம். கத்திக்கென்று உள்ள ரகம் வேறு, அதைக் கரி உலையில் தோய்க்க முடியாது. பட்டறைக் கத்தி துருப் பிடிக்கும் இரும்புதான். வேலை முடிந்ததும் கழுவி, துடைத்து, அடுப்பு அனலில் ஒரு நிமிடம் காட்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் நாளடைவில் பிசினாகி ஒட்டும். புளி, எலுமிச்சை, மாங்காய் பட்டால் சாம்பல் நிறம் படியும். அது கெடுதல் இல்லை, அடுத்த துருவைத் தடுக்கும். தோல் உறைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்துவிடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைக்கும். மழைக்காலத்தில் இது இன்னும் வேகம்.

"மயிலாடும்பாறையில 4,000 வருஷத்து இரும்பு கிடைச்சுதாமே. அந்தக் காலத்து உருக்கு இப்ப இருக்கறதைவிட ஒசத்தியா? டமாஸ்கஸ் வரி போட்ட கத்தி அதுதானா?"

கிருஷ்ணகிரி மாவட்டம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. நமக்குப் பெருமை தருகிற செய்தி. தென்னிந்தியாவின் மூசை உருக்கு (மூசை என்னும் மண் குடுவையில் உருக்கியது) பின்னாளில் மேற்காசியா வரை போனதும் வரலாறு. டமாஸ்கஸ் வரி என்று சொல்லப்படும் அலை அலையான கோடுகள் அந்த உருக்கில் தானாக உள்ளிருந்து வரும். இப்போது கடையில் கிடைக்கும் வரிக் கத்திகளில் பெரும்பாலானவை இரண்டு வகை உருக்கை அடுக்கி ஒட்ட அடித்து அமிலத்தில் காட்டியவை. மலிவானவை லேசரில் வரி பொறித்தவை. ஓரத்தில் உப்புத்தாள் போட்டால் பொறித்த வரி மறைந்துவிடும், அடுக்கு வரி மீண்டும் அமிலத்தில் தெரியும். அறுக்கும் வேலைக்கு வரியால் எந்த லாபமும் இல்லை.

"பஸ்ல கொண்டு போனா போலீஸ் புடிக்குமா? லைசன்ஸ் வேணுமா?"

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உள்ள 2016 விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் வேலைக்காகச் செய்தவை அதில் விலக்கு. முதல் கேள்வியில் சொன்ன 5 அங்குலக் கத்தி அந்த அளவைத் தாண்டாது. ஆனாலும் இடுப்பில் செருகிக்கொண்டு போவது தேவையில்லாத சிக்கல். உறையிலிட்டு, துணியில் சுற்றி, பைக்கு அடியில் வையுங்கள். புதிதாக வாங்கியதென்றால் ரசீதும் கூட இருக்கட்டும்.

காட்டுப் பக்கம் வேறு கதை. அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காவிரி வடக்கு, காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயங்களில் வருகிறது. எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் போவதே குற்றம். கத்தியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

"ஒரே கத்தியில தேங்காயும் ஒடைச்சு, ஆட்டுக் காலும் வெட்டிக்கலாமா? நல்ல கத்தின்னா தாங்கணுமே?"

தாங்காது, தாங்கவும் தேவையில்லை. 0.5 மி.மீ. கனத்துக்கு இறக்கிய வாய் எலும்பில் பட்டால் பிறை வடிவில் சில்லு பெயரும். வாயைத் தடித்து அடித்தால் எலும்பைத் தாங்கும், ஆனால் தோல் உரிக்காது. எலும்புக்கும் தேங்காய்க்கும் 6 மி.மீ. முதுகும் 25 டிகிரிக்கு மேல் கோணமும் உள்ள கொடுவாள் தனியாக இருக்கட்டும். மூட்டைப் பிரிக்கும்போது முனையை உள்ளே விட்டு நெம்புவதுதான் இன்னொரு பெரிய கேடு. முனை முறிந்து வருகிற கத்திகளில் அநேகம் அப்படிப் போனவை. குருத்தெலும்பை வாயால் அறுத்து, மூட்டைக் கையால் மடக்கிப் பிரியுங்கள். ஒகேனக்கல் மீனைத் துண்டு போட நினைப்பவர்களுக்கு இந்தக் கத்தி கனம், 2 மி.மீ. முதுகுள்ள, வளைந்து கொடுக்கும் மெல்லிய அலகு கேளுங்கள்.

"வாய் சில்லு பேந்துடுச்சு. மறுபடி தோய்ச்சல் போட்டா சரியாகுமா?"

சில்லு 1, 2 மி.மீ. ஆழம் என்றால் தோய்ச்சல் வேண்டாம். வாய் முழுவதையும் அந்த ஆழத்துக்கு நேராக இறக்கி, பக்கங்களை மறுபடி 0.5 மி.மீ.க்கு மெலிதாக்கி, தீட்டினால் போதும். தண்ணீர் காட்டிச் செய்ய வேண்டும். அதே இடத்தில் மீண்டும் மீண்டும் பெயர்ந்தால் மட்டும் பதம் போதவில்லை என்று பொருள். அப்போது பிடியைக் கழற்றி, 220 டிகிரியில் 2 மணி நேரம் மறுபடி பதம் இறக்கிப் பாருங்கள். பல கத்தி இதிலேயே சரியாகிவிடும்.

அரம் கடிக்கிற அளவுக்கு மெதுவாகிவிட்ட அலகுக்குத்தான் முழுத் தோய்ச்சல். மூன்று முறை ஆற வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும், வாயின் கனம் 1 மி.மீ. ஆகும் வரை பின்னுக்குத் தேய்த்துவிட்டு. ஒவ்வொரு சூட்டிலும் மேல்தோல் கரியை இழக்கும், அலகும் மெலியும், ஆகவே ஒரு கத்திக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பிடிக்குள் போகும் இடத்தில் விரிசல் இருந்தால் அதற்குத் தோய்ச்சலே போடாமல் இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.